மெயில் போகும் முன் ஒருவர் பார்க்கட்டும்

மறுபடியும் அதே சிக்கல். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பொது வீடு. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். சிங்கப்பூரில் இருக்கும் இளைய பேரன் வீட்டுக் காகிதங்களை எல்லாம் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற ஆவணச் சேமிப்பு மென்பொருளில் ஏற்றி, ஒரு ஒர்க்ஃப்ளோவும் (தானாக வேலை செய்யும் விதி) போட்டுவிட்டார். ஐயா (அப்பாவின் அப்பா) பெயரும் 'பத்திரம்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் 'பொது வீடு' என்று டேக் (அடையாளச் சீட்டு) போடு, பங்காளிகள் எல்லோருக்கும் மெயில் அனுப்பு. அவ்வளவுதான் விதி.

மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வீட்டு மூத்த பேரன் காரைக்குடியில் சொந்தமாக மனை வாங்கி, கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து போட்டார். விலை விவரத்தோடு அது அத்தனை பங்காளி வீட்டுக்கும் போய்விட்டது. போன மெயிலைத் திரும்ப வாங்க முடியுமா?

"சிஸ்டம் படித்துப் புரிந்துகொள்ளும் என்று நினைத்தோம்" என்கிறார்கள். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். அது புரிந்துகொள்ளாது. நீங்கள் எழுதிய சொல் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சொன்னதைச் செய்யும். ஐயா யார், பேரன் யார் என்று அதற்குத் தெரியாது. விலாசத்து இனிஷியல் எழுத்துகளையும், அதாவது பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகளையும், சேர்த்தாலும் பேரனுக்கும் அதே விலாசம்தானே! பெயரை மட்டும் நம்பி விதி எழுதாதீர்கள். சர்வே எண், பத்திர எண், மின் இணைப்பு எண் போன்றவற்றை வைத்து எழுதுங்கள்.

அந்தச் சொல்லையும் எப்போது பார்க்கிறது என்பது முக்கியம். விதி எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது ட்ரிகர். 'கன்சம்ப்ஷன் ஸ்டார்ட்டட்' (கோப்பை உள்ளே எடுக்கத் தொடங்கும்போது) என்ற ட்ரிகரில் கோப்பின் பெயர், எந்த ஃபோல்டர், எந்த மெயில் வழி வந்தது என்பதை வைத்துத்தான் வடிகட்ட முடியும். அந்த நேரத்தில் ஓசிஆரே, அதாவது ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் வேலையே, நடந்திருக்காது. உறையைப் பிரிக்கும் முன்பே கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது மாதிரி. உள்ளே இருக்கும் சொல்லை வைத்து விதி வேண்டுமானால் 'டாக்குமெண்ட் ஆடட்' (ஆவணம் படித்துச் சேர்த்த பிறகு) ட்ரிகரை எடுங்கள்.

அதற்கும் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். டாக்கர் (மென்பொருளைத் தயார் பொட்டலமாக நிறுவும் கருவி) வழியாக நிறுவினால் தமிழ் தானாக வராது. மொழிக்கோப்பைச் சேர்ப்பது ஒரு வேலை, ஓசிஆர் மொழியாக அதைக் குறிப்பிடுவது இன்னொரு வேலை. பலர் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். கையெழுத்தில் உள்ள பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை இதற்குப் பிறகும் ஓசிஆரை நம்பி விடாதீர்கள். அவற்றுக்குக் கையால் டேக் போடுங்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறு ஒன்றில். புதிதாக வரும் ஆவணத்தில் விழும் இன்பாக்ஸ் டேக்கையும் ஒர்க்ஃப்ளோவே எடுத்துவிடும்படி வைக்கிறார்கள், திரை சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். அந்த டேக் இருப்பதே ஒரு மனிதர் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லத்தான். எந்த டேக் பொருந்தும் என்று பழைய ஆவணங்களைப் பார்த்துத் தானே ஊகிக்கும் 'ஆட்டோ' பொருத்தம் கற்றுக்கொள்வதும் இன்பாக்ஸை விட்டு வெளியே வந்த ஆவணங்களிலிருந்துதான். சரிபார்க்காமல் வெளியே விட்டால் அந்தத் தவறையே பாடமாகப் படித்து, அடுத்த காகிதத்திலும் அதையே செய்யும்.

மெயில் அனுப்பும் ஆக்‌ஷனைக் கடைசியில் சேருங்கள். முதல் சில வாரம் டேக் மட்டும் போடட்டும். சரியாகப் போடுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். மெயில்பெட்டியிலிருந்து காகிதம் எடுக்கும் விதியில் 'டெலீட்' வேண்டாம், 'படித்தது' என்று குறித்தால் போதும். பொது வீட்டுக் காகிதத்துக்கும் சொந்தக் காகிதத்துக்கும் தனித்தனி ஃபோல்டர் வையுங்கள், பார்க்கும் அனுமதியையும் பிரியுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூலப் பத்திரத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். வங்கி கேட்பது மூலத்தைத்தான். அதன் உறையில் வரிசை எண் ஒட்டி இரும்புப்பெட்டியில் வைத்து, அதே எண்ணைச் சிஸ்டத்திலும் பதியுங்கள்.

வெளியூரில் இருந்து இதையெல்லாம் அமைத்துத் தரும் தம்பி, தங்கைகளே, விதி எழுதும் முன் அப்பத்தாவுக்கு ஒரு போன் போடுங்கள். அந்தப் பெயரில் வீட்டில் யார் யார், எந்த நிலம் பொது, எது யாருடைய சொந்தம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதியை அதற்குப் பிறகு எழுதலாம்.