மூடியாச்சு சரி, காலியாச்சா?

பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் பிட்டராக, அதாவது குழாய், மெஷின் பழுது பார்ப்பவனாக, சேர்ந்த புதிது. இரவு சிப்டு. கன்டென்சேட் லைனில், அதாவது நீராவி ஆறித் தண்ணீராகித் திரும்பி வரும் குழாயில், இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் பிளேஞ்ச் ஒன்று ஒழுகியது. நடுவில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்பு வளையத்தை மாற்ற வேண்டும். நீராவி வால்வை இறுக்கி மூடிவிட்டு பிரஷர் கேஜைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. சரி என்று ஸ்பேனரை எடுத்து, கைக்கு எட்டிய முதல் போல்ட்டில் மாட்டினேன். சீனியர் அண்ணன் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“என்னடா செய்யுற?”

“மூடியாச்சுண்ணே.”

“மூடியாச்சு சரி, காலியாச்சா?”

என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த போல்ட்டை அவரே இரண்டு சுற்று தளர்த்தினார். உஸ்ஸென்று கொதிநீரும் ஆவியும் சுவரைப் பார்த்துப் பீய்ச்சின. நான் தளர்த்தப் போன போல்ட் என் முகத்துக்கு நேராக இருந்தது.

வால்வை மூடினால் இனி வரப்போவதுதான் நிற்கும். ஏற்கெனவே வந்து உள்ளே உட்கார்ந்திருப்பது எங்கும் போகாது. வீட்டில் மெயினை அடைத்த பிறகு கீழ்க் குழாயைத் திறந்தால், மாடிக் குழாயில் நின்ற தண்ணீர் கொஞ்ச நேரம் கொட்டிக்கொண்டே இருக்கும். அதேதான். 2025 ஏப்ரல் 1 அன்று கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பூத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தபோது நாடே இதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. வால்வுகளை மூடிய பிறகும், குழாய்க்குள் மிஞ்சிய வாயு தீரும்வரை தீ மணிக்கணக்கில் எரிந்தது.

முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்கிறேன். அழுத்தத்தை நாங்கள் ‘பார்’ கணக்கில் பேசுவோம். 1 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் கிட்டத்தட்ட 1 கிலோ. கார் டயரில் 2 பாருக்குச் சற்று மேல் இருக்கும். 16 பார் வரை காட்டும் கேஜில் 0.1 பார் என்பது முள்ளின் தடிமனுக்குள் ஒளிந்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதே 0.1 பார் டாங்கிக்குள் ஆள் இறங்கும் மேன்ஹோலின் அரை மீட்டர் விட்டமுள்ள மூடிக்குப் பின்னால் இருந்தால், மூடியை 200 கிலோ விசையோடு வெளியே தள்ளும். கடைசி போல்ட்டைக் கழற்றுகிறவர் மேல் இரண்டு தடியர்கள் சேர்ந்து கதவைச் சாத்துவது போல இருக்கும். அழுத்தம் கொஞ்சம்தான், ஆனால் பரப்பு பெரிது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால்தான் விசை தெரியும். எட்டு அங்குலக் குழாயின் முனையை அடைத்திருக்கும் தட்டை 10 பார் அழுத்தம் 3 டன்னுக்கு மேல் விசையோடு தள்ளிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று. “இது வெறும் காற்று லைன்தான் தம்பி” என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ‘வெறும்’ என்ற சொல்தான் தப்பு. ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள டாங்கி ஒன்றில் தண்ணீரை நிரப்பி 10 பாருக்கு ஏற்றுங்கள். தண்ணீர் அழுத்தத்துக்கு அசைந்து கொடுக்காது, அதன் கொள்ளளவு இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. சுருங்காத பொருளில் சேமிப்பும் இருக்காது. அந்தத் தண்ணீரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 230 ஜூல்தான். 10 கிலோ அரிசிப் பை ஆள் உயரத்துக்கு மேலிருந்து விழுந்தால் இவ்வளவு ஆற்றல் வரும். டாங்கி விரிசல் விட்டால் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சும், அழுத்தம் உடனே இறங்கிவிடும், அவ்வளவுதான்.

அதே டாங்கியில் காற்றை அடைத்து அதே 10 பாருக்கு ஏற்றிப் பாருங்கள். காற்று ஸ்பிரிங் போல: கேஜ் காட்டும் 10-உடன் வெளிக்காற்றின் 1 பாரும் சேர, பதினோரு பங்கு காற்று ஒரு பங்கு இடத்தில் நசுங்கிக் கிடக்கிறது. அது விரியும்போது வெளிவரக்கூடிய ஆற்றல் சுமார் 13 லட்சம் ஜூல், தண்ணீரில் இருந்ததைப்போல ஏறக்குறைய ஆறாயிரம் மடங்கு. ஒரு டன் எடையுள்ள மைவி காரை பினாங்கின் கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பாதி உயரத்துக்கு மேல் தூக்கிவிட அது போதும். வெடிமருந்துக் கணக்கில் சொன்னால் கால் கிலோ டிஎன்டிக்கும் மேலே. கேஜ் இரண்டு டாங்கிகளிலும் ஒரே 10-ஐத்தான் காட்டும்.

இதனால்தான் புதுக் குழாய் போட்டால் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்கிறோம். சோதனையில் குழாய் உடையலாம் என்று தெரிந்துதான் செய்கிறோம், உடைந்தாலும் ஆள் தப்ப வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது மேட்டில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றச் சொல்வதும் இதற்காகத்தான். மேலே ஒரு காற்றுப் பொட்டலம் தங்கிவிட்டால் பாதி ஸ்பிரிங்கை நாமே உள்ளே வைத்தது போல ஆகும். “கம்ப்ரஸரைக் கொடுத்தா அரை மணி நேரத்துல முடியும்” என்று அவசரப்படும் காண்ட்ராக்டர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காற்றால்தான் சோதிக்க வேண்டிய இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆட்களைத் தூர அனுப்பிவிட்டுப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

தண்ணீர் சாது என்று நான் சொன்னது குளிர்ந்த தண்ணீரைப் பற்றி மட்டும். பாய்லரில் 10 பாரில் இருக்கும் தண்ணீர் சுமார் 184 டிகிரி சூட்டில் இருக்கிறது. அழுத்தம்தான் அதைக் கொதிக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. பிளேஞ்ச் திறந்ததும் அதில் ஆறில் ஒரு பங்கு அந்தக் கணமே நீராவியாகிவிடும், ஒரு லிட்டர் கொதிநீர் இருநூறு லிட்டருக்கு மேல் ஆவியைக் கக்கும். மெஷின்களை அசைக்க மிக அதிக அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெயில் ஆபத்து வேறு விதம். ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கண்ணுக்கே தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று கையை வைத்துத் தடவினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி, வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போய்விடலாம். ஒழுகலைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

நம் ஊர் வெயிலையும் மறக்கக் கூடாது. இரண்டு முனையிலும் வால்வை மூடி, நடுவில் தண்ணீர் முழுதாக நிரம்பியிருக்கும் இரும்புக் குழாய் ஒன்று பிற்பகல் வெயிலில் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றே இல்லையென்றால், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 5 பார் ஏறும். பம்ப் ஓடவில்லை, யாரும் எதையும் தொடவில்லை, பத்து டிகிரி ஏறினால் 50 பார். காலையில் அழுத்தத்தை இறக்கிப் பூட்டியதை மாலையில் திறக்கும் முன் மறுபடி பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பூட்டு. வேலை முடியும்வரை வால்வையோ சுவிட்சையோ யாரும் திறக்காதபடி பூட்டி அட்டை மாட்டுவதுதான் ‘லாக்அவுட் டேக்அவுட்’. அதற்கென்று எல்லாக் கம்பெனியிலும் சிவப்புப் பூட்டு தொங்குகிறது. வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட வேண்டும், சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று போட்டால் அது பூட்டே இல்லை. காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வடகடலில் இருந்த பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை ஒரு சாட்சி. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் சிப்டு கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஒரு தட்டால் கைமுறுக்காக மட்டும் அடைத்து வைத்திருந்தது. அதற்கான பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு, இருந்தது, ஆனால் இரவு சிப்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

பூட்டினாலும் ஒற்றை வால்வை நம்ப முடியாது. பழைய வால்வு உள்ளே லேசாகக் கசியும், அதை நாங்கள் ‘பாஸ் ஆகுது’ என்போம். அதனால் இரண்டு வால்வை மூடி, நடுவில் இருக்கும் சின்ன வால்வைத் திறந்து விடுவார்கள். முதல் வால்வு பாஸ் ஆனாலும் நடுவில் வடிந்துவிடும், நம் பக்கம் வராது. ஆள் உள்ளே இறங்கும் வேலை என்றால் அதுவும் பத்தாது, பிளேஞ்ச் நடுவே இரும்புத் தட்டையே சொருகிவிட வேண்டும். வடிகால் வால்வைத் திறந்து ஒன்றும் வரவில்லையென்றால் காலி என்று முடிவு கட்டவும் கூடாது. பட்டர்வொர்த் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், செம்பனை எண்ணெயின் கெட்டிப் பகுதியான ஸ்டியரின் ஆறினால் மெழுகாக உறைந்துவிடும். வடிகாலில் உறைந்து நிற்கும் கட்டிக்குப் பின்னால் முழு அழுத்தமும் காத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்தும்போது முகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ் பக்கம் பாய்லர் இல்லாத ஆலைகளிலும் இதே கதைதான். மெஷினுக்கு மின்சாரத்தை நிறுத்தினாலும் காற்றழுத்தத்தால் மெஷினைத் தள்ளி இழுக்கும் ஏர் சிலிண்டருக்குள் காற்று மிச்சம் இருக்கும். 6 பாரில் 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் ஒன்று 190 கிலோ விசையோடு தள்ளும். சிக்கிய பொருளைக் கையால் இழுத்தால் அது விடுபட்ட வேகத்தில் அடித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மலேசியாவில் 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாதபோது, அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. “முடியாதுங்க” என்று சொல்லக் கூச்சப்படும் இளம்பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அன்று என் பிளேஞ்சில் அழுத்தம் எப்படி வந்தது என்று மறுநாள் பகலில் போய்ப் பார்த்தோம். நான் மூடியது நீராவி வரும் பக்கத்தை மட்டும். தண்ணீர் வெளியேறும் பக்கம் பொதுக் குழாயோடு சேர்ந்திருந்தது, மற்ற மெஷின்களின் கொதிநீர் அதன் வழியாகப் பின்னால் ஏறி வந்திருக்கிறது. கேஜுக்குக் கீழே காக் என்ற ஒரு குட்டி வால்வு உண்டு. அதை அண்ணன் திருகித் திறந்ததும், பூஜ்யத்தில் படுத்திருந்த முள் எழுந்து 3 பாரில் போய் நின்றது.