அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு கரும்பொருக்கு

கார்த்திகை மழை ஓய்ந்த வாரத்தில் அவரைக் கொண்டுவந்தார்கள். பரதராமியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஊர். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. ஆடு மேய்ப்பவர், வயது 45 இருக்கும். எட்டு நாட்களாகக் காய்ச்சல். நிமோனியா என்று சொல்லி ஐந்து நாட்கள் ஊசி போட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை. ஆக்சிஜன் அளவு 82. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துக் கிடந்தன.

அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்த செவிலியர்தான் என்னை அழைத்தார். பீடி நெருப்பு சுட்டதைப் போல, நடுவில் கறுத்து ஓரம் சிவந்த ஒரு பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. "கயிறு உரசிய புண் என்று இருந்துவிட்டோம் ஐயா" என்றார் அவருடைய மனைவி.

ஸ்க்ரப் டைஃபஸ். செய்தித்தாள்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவதால் மக்கள் மாட்டு உண்ணியைத் தேடுகிறார்கள். கடிப்பது அதுவல்ல. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிற்றுயிரின் இளம்புழு. அது கடித்த வழியே கிருமி உடலுக்குள் போகிறது; கடித்த இடம்தான் இப்படிக் கறுத்துப் பொருக்காகிறது. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்தால், காற்று நிற்க வேண்டிய அறைகளில் நீர் நிறைந்துவிடும். பார்ப்பதற்கு நிமோனியாவேதான். ஆனால் நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும்.

கடுமையான நிலையில் இரண்டில் எது சிறந்தது? விடை எங்கள் பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகள். அவர்களில் 62 சதவீதத்தினருக்குச் சுவாசப் பாதிப்பு. இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியே பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. அன்றிலிருந்து கடும் நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்தே தருகிறேன். ஆனால் இறப்பை மட்டும் தனியே எடுத்தால் மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. என்னை உறுத்துவது அந்த வரிதான். உறுப்புகள் கெட்ட பிறகு எவ்வளவு நல்ல மருந்தைக் கொடுத்தாலும் சிலரை நாங்கள் இழக்கிறோம். முதல் வாரத்திலேயே வந்தால் பெரும்பாலும் மாத்திரையே போதும். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும்.

அவர் ஆறு நாட்கள் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தார். எட்டு நாட்கள் அந்தப் பொருக்கு அங்கேயேதான் இருந்தது.

மழைக்குப் பிறகு தை வரை, காட்டுக்கோ மாந்தோப்புக்கோ போய்வருபவருக்கு மூன்று நாட்களைத் தாண்டிக் காய்ச்சல் நீடித்தால் உடலை முழுவதும் பாருங்கள்: அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா பதியும் இடம், காதின் பின்புறம். கூச்சத்தால் பெண்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டுப் பெண்களே பார்த்துச் சொல்லலாம். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. கிடைக்காவிட்டாலும், "புதரில் வேலை செய்தேன்" என்ற ஒரு சொல்லை மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கினால் அன்றிரவே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.