சுவர் இல்லாத கிருமி

2023 நவம்பரில் பெய்ஜிங்கிலும் லியாவோனிங் மாகாணத்திலும் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. "காரணம் தெரியாத நிமோனியா" என்று செய்தி பரவியதும் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. 2019 டிசம்பரை யார் மறந்திருப்பார்கள்? நவம்பர் 22 அன்று உலக சுகாதார நிறுவனம் சீனாவிடம் விவரம் கேட்டது. மறுநாளே பதில்: புதுக் கிருமி எதுவும் இல்லை. அக்டோபரிலிருந்து இன்ஃப்ளூயன்ஸா, ஆர்எஸ்வி, அடினோவைரஸ் என்ற வழக்கமான சுவாச வைரஸ்கள். அவற்றுக்கு முன்பே, மே மாதத்திலிருந்து மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா.

இந்த மைக்கோபிளாஸ்மா ஒரு விசித்திரப் பிறவி. மற்ற பாக்டீரியாக்களைச் சுற்றி உறுதியான சுவர் இருக்கும். இதற்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். உருவமும் மிகச் சிறியது. 1940களில் இதைக் கண்டபோது வைரஸ் என்றே நினைத்தார்கள். 1960களில்தான் குட்டு உடைந்தது.

நிமோனியா என்றால் குழந்தைகளுக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக். அது பாக்டீரியா சுவர் கட்டுவதைக் கெடுத்துத்தான் கொல்லும். வீட்டுக்குச் சுவரே வேண்டாம் என்பவனிடம் கொத்தனாரைத் தடுத்து என்ன பயன்? சரி, அடுத்தது அஸித்ரோமைசின். அது கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரைபோசோமின் ஒரு பாகமான ஆர்என்ஏ சங்கிலியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் பிடி நழுவிவிடும். சீனாவில் இப்படி மாறிய வகைகள்தான் பெரும்பான்மை. மிச்சமிருக்கும் டாக்ஸிசைக்ளின் போன்றவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள்; வளரும் பற்களில் கறை விழலாம் என்ற கவலை.

மூச்சுக்குழாயின் உள்பரப்பில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மைக்கோபிளாஸ்மா தன் கூர்நுனியால் அந்தச் செல்களைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கிறது. மயிரிழைகள் ஓய்ந்துவிடுகின்றன. அப்புறம் சளியை வெளியேற்ற இருமலை விட்டால் வழியில்லை; அதனால்தான் காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில் இருமல் நிற்பதில்லை.

எல்லாவற்றிலும் இது நிதானம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்; இதற்கு சுமார் 6 மணி நேரம் வேண்டும். தொற்றியபின் அறிகுறி தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வீட்டில் அண்ணன் தேறிப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தங்கை படுப்பாள்.

சாதாரணமாகவே 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது அலையாக வரும். கொரோனா கட்டுப்பாடுகளின்போது கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைச் சந்தித்ததே இல்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் பல நாடுகளில் ஆர்எஸ்வியும் இன்ஃப்ளூயன்ஸாவும் முதலில் திரும்பிவிட்டன. மைக்கோபிளாஸ்மா தன் வழக்கப்படி தாமதமாகவே வந்தது. 2023 குளிர்காலத்தில் டென்மார்க்கிலும் அதே கதைதான்.