ஃபிரேமின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்

மும்பை காலா கோடாவில் ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் வெளியே நடைபாதையிலேயே நல்ல ஓவியங்கள் கிடைக்கும். கரி, மை, வாட்டர் கலர், கோவாஷ் (அடர்த்தியாகப் பூசும் ஒருவகை வாட்டர் கலர்) என்று பலதும் காகிதத்தில் வரைந்தவை. வாங்குகிறவர்கள் வழியில் ஏதோ ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்து மாட்டிவிடுகிறார்கள். ஓரிரு மழைக்காலம் போனதும் படம் என் மேசைக்கு வருகிறது. காகித ஓவியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில்.

செம்பூர் மாமி ஒருவர் கொண்டுவந்தது ஒரு கரி ஓவியம். மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள். "ஏம்ப்பா, அந்தப் பையன் மட்டமான பேப்பர்ல போட்டு என் தலையில கட்டிட்டானோ?" என்றார். திருப்பிப் பிரித்தேன். காகிதம் அருமையான பருத்திக் காகிதம். முதுகில் அட்டைக்குப் பதில் ஹார்ட்போர்டு, நான்கு மூலையிலும் செல்லோடேப், முன்னால் படத்தோடு ஒட்டிய கண்ணாடி. கண்ணாடியைத் தூக்கியதும் வரைந்திருந்த கிழவியின் தலைமுடி பாதி அதோடு வந்துவிட்டது. ஓவியர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும். சுமார் 65-க்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லையென்றால் ஈரம் அங்கேயே தங்கும். அந்த இடைவெளிக்குத்தான், நடுவில் சன்னல் போல வெட்டிப் படத்தின் மேல் வைக்கும் மவுண்ட் போர்டு அட்டை. அழகுக்கு மட்டும் அல்ல. அதுவும் 'ஆசிட் ஃப்ரீ' என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டையில் இருக்கும் அமிலம், வெட்டிய விளிம்பை ஒட்டிப் படத்தின் மேல் பழுப்புக் கோடாக இறங்கும். ஹார்ட்போர்டும் மரக்கூழ்தான், அதே கதை.

செல்லோடேப் பசை காகித இழைக்குள் போய்விட்டால் முழுதாக எடுக்க முடியாது. அதற்குப் பதில், மெல்லிய, உறுதியான ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டை, கோதுமை மாவுச்சத்துப் பசையால், படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டினால் போதும். பிறகு லேசாக ஈரப்படுத்தினால் கழன்று வரும். இதையெல்லாம் விட மோசமானது லாமினேஷன். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், அதைப் பிரிக்க என்னாலும் ஆகாது.

கரி, பாஸ்டல் படங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் சாதாரண அக்ரிலிக் ஷீட் வேண்டாம். அதன் நிலைமின்சாரம் பொடியை இழுத்துவிடும். மார்க்கரில் போட்ட படம் என்றால், சாயம் வெளிச்சத்தில் வெளுக்குமா என்று வரைந்தவரிடமே கேளுங்கள். அருங்காட்சியகங்களில் காகிதப் படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கொடுப்பார்கள், நம் பால்கனிச் சுவரில் அது எத்தனையோ மடங்கு!

மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லையா, சரி, ஃபிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள், பின்னால் காற்று போகும். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பழுதுபார்ப்பவரை அழைத்துக் கேளுங்கள். காலா கோடா பக்கத்திலேயே, சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது.

விற்கிற ஓவியர்களுக்கும் ஒன்று: படத்தின் பின் ஓரத்தில் என்ன காகிதம், என்ன நிறம் என்று பென்சிலில் எழுதிக் கொடுங்கள். 'லாமினேட் செய்யாதீர்கள்' என்பதை இந்தியிலும் எழுதுங்கள். ஃபிரேம் கடைக்காரர் படிக்கட்டும்.