பாட்டியின் பெட்டியைப் போகிக்குக் கொடுக்காதீர்கள்

பழைய தாள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்குத் தை பிறந்ததும் வரும் அழைப்புகளில் பல ஒரே மாதிரியானவை. வீட்டைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் கிரயப் பத்திரம் செல்லரித்த நிலையில் கிடைத்தது, அதைச் சரிசெய்து தர வேண்டும் என்பார்கள். அதே பரணில் பாட்டியின் தகரப் பெட்டி இருந்ததா என்று கேட்பேன். இருந்தது, வெறும் நோட்டுகளும் கடிதங்களும்தான், போகியன்று எரித்துவிட்டோம் என்று பதில் வரும். இந்த ஆண்டு சேலம் அம்மாப்பேட்டைக் குடும்பம் ஒன்று எரித்தது, தறி வீட்டில் தார் சுற்றி (நெசவுக்கு ஊடை நூலைக் குழலில் சுற்றிக் கொடுத்து) வாழ்ந்த ஒரு பெண் பல ஆண்டுகள் தம் கைப்பட எழுதிவந்த கூலிக் கணக்கை. இதற்கு மேலும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

"அவர் சாதாரணக் குடும்பப் பெண்தானே, அவர் எழுதியதில் என்ன வரலாறு இருக்கப்போகிறது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. படித்தவர்களும் கேட்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பெரும்பாலும் நெசவாளரான ஆணின் பெயர்தான் இருக்கும். அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவரின் உழைப்புக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு வரிகூட இராது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளுக்காக வீட்டிலிருந்தே கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துக் கொடுத்த பெண்களுக்கும் இதே நிலைதான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டில் பழம் பறித்தவரின் பெயரும் வேலை நாட்களும் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு எத்தனையாவது நாளில் அவர் மீண்டும் கூடையைத் தூக்கினார், கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் சென்றார் என்பதை அவரோ அவர் மகளோ சொன்னால்தான் உண்டு. எந்த நகை எப்போது அடகுக்குப் போனது, மருத்துவச்சிக்கு என்ன கொடுத்தார்கள், மகளின் பள்ளிக் கட்டணம் எந்த மாதத்தோடு நின்றது என்பவை இருப்பது அந்த அழுக்கு நோட்டில் மட்டும்தான்.

1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. ஆணைகளும் அதிகாரிகளின் அறிக்கைகளும் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். குடிகாரர் ஒருவரின் வீட்டில் அடுத்த மாதம் அரிசி கூடுதலாக வாங்கப்பட்டதா என்பதற்கு அந்த வீட்டுப் பெண்ணின் செலவுக் கணக்கைவிட நேரடியான சாட்சி எது? அப்படி ஒரு நோட்டு யாரிடமேனும் இருந்தால் நான் தேடி வருவேன்.

இன்னொரு பெரும் செல்வம் நம் கண்ணெதிரிலேயே எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் அடுத்த சில ஆண்டுகளில் சேலம் மாவட்டத்துக்கும் வந்தன. அக்குழுக்களின் தீர்மானப் புத்தகங்கள், பெண்களே கூடிப் பேசிப் பெண்களே எழுதிய பதிவுகள். முதல் பக்கங்களில் கைநாட்டு வைத்தவர் பின்னாளில் தடுமாறித் தம் பெயரை எழுதியிருப்பதை அவற்றில் பார்க்கலாம். தணிக்கை முடிந்துவிட்டது என்று அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடும் குழுத் தலைவியரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: போடாதீர்கள் அம்மா.

இனி, வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை. தயவுசெய்து எதையும் லேமினேட் செய்யாதீர்கள். லேமினேட் செய்த தாளைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது அரிது. ஆயினும் மாதந்தோறும் யாரேனும் ஒருவர் பளபளப்பாக்கிய கடிதத்தோடு பெருமையாக வந்து நிற்கிறார். செல்லோடேப், ரப்பர் பேண்டு, ஸ்டேப்ளர் பின், அந்துருண்டை நான்கும் வேண்டாம். ஈரமான தாளை வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறட்டும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றித் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். மழைக்கால மூடுபனியில் பூஞ்சை பிடிக்கும் ஏற்காட்டு வீடுகளில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எந்தக் கடிதத்தோடு எந்த ரசீது இருந்தது என்பதும் செய்திதான். படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை எறியாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித் தரமிழந்தது. ஸ்கேனரில் குறைந்தது 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) அளவில் எடுங்கள்.

புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் எழுதுங்கள். "பெரியப்பாவும் மனைவியும்" என்று எழுதியிருக்கும் படங்கள் என் மேசையில் குவிந்திருக்கின்றன. மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு; அதைச் சொல்லக்கூடிய கடைசி மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு, பிறந்த ஊரோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

எழுத்தில் இல்லாதவற்றைக் குரலில்தான் காக்க முடியும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களின் நடவுப் பாட்டையும் பிரசவ அனுபவத்தையும் பதிவு செய்யச் செல்பவர்கள், எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதை முதலில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். ஒரு பிரதியை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பாட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற வருத்தத்தை மலையில் நானே கேட்டிருக்கிறேன்.

பகிர்வதிலும் நிதானம் தேவை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது நம் சேலம் மாவட்டத்தில்தான். அக்காலத்துத் தாய்மாரின் வாக்குமூலமோ மருத்துவச்சியின் குறிப்போ உங்களிடம் இருந்தால், அதை அழிக்கவும் வேண்டாம், முகநூலில் ஏற்றவும் வேண்டாம். பெயர்களை மறைத்தும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடும் ஆவணங்களைக் காக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு.

ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. ஆம்ஸ்டர்டாமில் 1935இல் தொடங்கிய பெண்கள் ஆவணக் காப்பகத்தை 1940இல் நாஜிகள் கொள்ளையிட்டார்கள். காணாமற்போனவற்றில் ஒரு பகுதி 1992இல் மாஸ்கோவில் இருப்பது தெரியவந்து, 2003இல்தான் வீடு திரும்பியது. ஆகவே மூலம் ஓரிடத்திலும் பிரதி வேறோர் ஊரிலும் இருக்கட்டும். மும்பையில் 1988 முதல் இயங்கும் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் பெண்களின் குரலையும் படங்களையும் திரட்டுகிறது. அச்சிட்ட தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எங்கு கொடுத்தாலும் முதலில் எழுதிக் கேளுங்கள். கொடுக்கும்போது, அந்தப் பெண்ணின் முழுப்பெயர், யார் பார்க்கலாம், எதை வெளியிடக் கூடாது, குடும்பத்துக்குப் பிரதி எப்போது வரும் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே பெட்டியை ஒப்படையுங்கள்.