புரட்டாசியில் நிறுத்த முடிந்தவருக்கு ஏ.ஏ. கூட்டம் எதற்கு?

புரட்டாசி பிறந்தால் டர்பனில் எங்களைப் போலக் குடிநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குக் கலக்கம்தான். நாள் தவறாமல் கேன் (கரும்புச் சாராயம்) குடித்தவர்கள் விரதம் என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டு, இரண்டாம் நாள் வலிப்போடு வந்து சேர்கிறார்கள். இந்த முறை வந்தவர் சாட்ஸ்வொர்த்காரர். கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியபோது அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வீட்டார் மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். ஏ.ஏ., அதாவது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள் என்று சொன்னேன். அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. “வருடா வருடம் புரட்டாசி முழுக்கத் தொடாத மனிதர் அவர். குடிகாரர்கள் கூட்டத்தில் அவருக்கு என்ன வேலை?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு மாதம் நிறுத்த முடிகிறது, ஆகவே நோய் இல்லை என்பது எந்தக் கணக்கு? விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. அந்த மாதத்தில் வீட்டில் பாட்டில் இருக்காது, கூடக் குடிப்பவர்களும் விரதம், அம்மாவும் அக்காவும் கண்கொத்திப் பாம்பாகக் காவல். இத்தனை முட்டுக்கொடுத்தால் யாரும் நிற்பார்கள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் சுத்தமாக இருந்துவிட்டு, காவடி இறக்கிய அன்று இரவே குடித்தவர்களை எனக்குத் தெரியும். புரட்டாசி போனால் தீபாவளி. பாட்டில் ஸ்டோரில் கூட்டத்தைப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 27 முதல் மே முடியும் வரை அரசாங்கமே மது விற்பனையைத் தடை செய்திருந்தது. அன்னாசிப் பழமும் ஈஸ்ட்டும் வாங்கி வீட்டிலேயே ஊறப்போட்டவர்கள்கூட இன்று “அப்போது இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தேனே” என்கிறார்கள்! நிறுத்த முடிகிறதா என்று நான் கேட்கவே இல்லை. முதல் கிளாசுக்குப் பிறகு நிறுத்த முடிகிறதா, விரதம் முடிந்த மறுநாள் தொடாமல் இருக்க முடிகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள். ஏ.ஏ.யில் முப்பது நாளோடு முடியும் விரதம் கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நாளைக் கணக்கு.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1946இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை. உண்டியல் சுற்றி வரும். முதல் முறை வருபவர் போடத் தேவையில்லை. முதல் பெயரைச் சொன்னால் போதும். பேச மனமில்லையா, கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். பல கூட்டங்கள் சர்ச் மண்டபத்தில் நடப்பதால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று பயப்படும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். மண்டபம் வாடகைக்கு எடுத்தது, ஐயா. அவர்கள் பேசும் இறைவன் அவரவர் உணர்ந்த இறைவன்; உங்களுக்கு அது முருகனாக இருக்கலாம்.

‘ஓப்பன்’ கூட்டத்துக்கு யாரும் வரலாம், மனைவியும் வரலாம். ‘க்ளோஸ்ட்’ கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஏ.ஏ.யின் தொலைபேசி உதவியிலோ இணையதளத்திலோ உங்கள் பகுதிக் கூட்டங்களைக் கேட்டு, எந்த வகை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான தேசிய அமைப்பான சாங்காவின் அலுவலகத்திலும் வழி சொல்வார்கள். சாட்ஸ்வொர்த்தில் தெரிந்த முகம் இருக்குமே என்று கூச்சமா? பைன்டவுனுக்குப் போங்கள். அந்தத் தெரிந்த முகமும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று. ஒரு தடவை போய்விட்டு ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று என்னிடம் வராதீர்கள். குடிக்கு எத்தனை வருடம் கொடுத்தீர்கள்?

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்கும் மருத்துவர்களும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் படிக்கட்டும். குடிக்காமல் தொடர்வதில், ஏ.ஏ.யோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளை விஞ்சியிருக்கிறது.

ஆனால் கூட்டம் மருத்துவமனை அல்ல. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது; விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள். அதற்குப் பிறகும் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுகிறார், ஆள் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால் பூசாரியைத் தேடாதீர்கள், நேராக மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். கூட்டத்தில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.யின் சொந்த நிலைப்பாடு.

அக்கா, தங்கச்சி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவரை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவார். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். அதற்கு அவருடைய அனுமதி தேவையில்லை.