அகல்பல் வௌவால்

லாட்டிடென்ஸ் சாலிமாலியி என்பது ஒரு வௌவாலின் அறிவியல் பெயர். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும், அடுத்தது சிற்றினத்தை. இந்தப் பேரினத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு சிற்றினம்தான் உண்டு. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழ்கிறது. முதன்முதலாக அது கிடைத்த இடம் சின்னமனூருக்கு மேலேயுள்ள மேகமலை. கிடைத்த ஆண்டு 1948. அப்போது தேனி மாவட்டம் கிடையாது, 1996-ல்தான் பிரிந்தது. அதனால் விலங்கியல் எழுத்துகளில் இந்த வௌவாலின் சொந்த ஊர் மதுரை மாவட்டம்.

தமிழில் இதைச் 'சலீம் அலி பழந்தின்னி வௌவால்' என்று எழுதுவதுண்டு. இந்தப் பெயர் போதாது என்பது என் கருத்து. எந்தப் பல்லை வைத்து இது தனிப் பேரினம் என்று தெரியவந்ததோ, அந்தப் பல் இந்தப் பெயரில் காணாமல் போய்விட்டது. 'அகல்பல் வௌவால்' என்பதே இதற்குப் பொருத்தமான தமிழ்.

இலத்தீனில் 'லாட்டஸ்' என்றால் அகன்றது, 'டென்ஸ்' என்றால் பல். இரண்டும் சேர்ந்து லாட்டிடென்ஸ், அகன்ற பல்லை உடையது. பல்லுக்கு இவ்வளவு மரியாதை வந்த கதையைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்க முடியாது.

மேகமலையை அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் ஹைவேவி மலை என்றார்கள். அலையலையாக உயர்ந்து கிடக்கும் முகடுகளைப் பார்த்து வைத்த பெயர். இன்றைக்கும் அங்கே இருக்கும் பேரூராட்சியின் பெயர் 'ஹைவேவிஸ்' என்பதே. மலையடிவாரத்தில் பச்சைக்கூமாச்சி என்ற பழைய பெயரும் வழக்கில் உண்டு. அங்கிருந்த தோட்டக்காரர் ஆங்கஸ் ஹட்டன் காட்டுயிர்களில் தீராத ஆர்வம் கொண்டவர். மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி 1949-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். 1948-ல் அவர் சேகரித்த உயிர்களில் ஒரு பழந்தின்னி வௌவாலும் இருந்தது. இலங்கைப் பாலூட்டிகளில் தேர்ந்தவரான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் அதைப் பார்த்துவிட்டு, சினோப்டெரஸ் ஸ்ஃபிங்ஸ் என்று அடையாளம் சொன்னார். நம் ஊர்ப்பக்கம் நெட்டிலிங்க மரத்திலும் பனையோலை மறைவிலும் தொங்கும் குட்டைமூக்குப் பழவௌவாலின் பெயர் அது. பதப்படுத்திய உடல் பம்பாய்க் கழகத்தின் சேகரிப்புக்குப் போய், அந்தப் பெயரோடே 22 ஆண்டுகள் இருந்தது.

1970-ல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலார் அதை எடுத்துப் பார்த்தார். தோலையும் மயிரையும் பார்த்து முடிவு செய்கிறவர் இல்லை அவர், மண்டையோட்டைப் பார்த்தார். குட்டைமூக்குப் பழவௌவாலுக்குத் தாடையில் முன்பற்கள் இரண்டு இணை இருக்கும். இதற்கு ஒரே இணைதான் இருந்தது. பற்களும் அகன்றிருந்தன. குட்டைமூக்குப் பழவௌவாலுக்குச் சின்னதாக ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. புதிய சிற்றினம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாத அளவுக்கு வேறுபாடு. 1972-ல் புதிய பேரினம் ஒன்றை உண்டாக்கி, அதற்குப் பல்லின் பெயரை வைத்தார்.

வௌவால் ஆராய்ச்சியில் பல் என்பது முகவரி மாதிரி. மயிரின் நிறம் வயதுக்கும் பருவத்துக்கும் மாறும். பதப்படுத்திய தோல் நாளடைவில் வெளுத்துப்போகும். பல்லின் எண்ணிக்கையும் வடிவமும் அப்படி மாறுவதில்லை. எனவே லாட்டிடென்ஸ் என்ற பெயர் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, இந்த உயிரைப் பிரித்தறிந்த சான்றையே அது சொல்கிறது.

இதைத் தமிழில் அப்படியே கொண்டுவரலாம். 'அகல்பல்' வினைத்தொகை. அகன்ற, அகல்கிற, அகலும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும்படி காலம் மறைந்து நிற்கிறது. வினைத்தொகை என்பதால் லகரம் திரியாது; 'அகற்பல்' என்று எழுத வேண்டியதில்லை. கொல்களிறு எப்படியோ அப்படித்தான் இதுவும். இலைக்கு 'அகலிலை' என்ற பழைய ஆட்சி இருக்கும்போது பல்லுக்கு அகல்பல் என்பது புதிதாகச் செதுக்கிய சொல்லாகவே தோன்றாது.

இனி இரண்டாவது சொல். சாலிமாலியி என்பதில் கடைசியில் நிற்கும் 'இ' இலத்தீனின் உடைமை வேற்றுமை உருபு. ஓர் ஆணின் பெயரோடு அது சேர்ந்தால் 'அவருடைய' என்று பொருள். நம் ஆறாம் வேற்றுமைக்கு நிகர். பெண்ணின் பெயரானால் வேறு உருபு வரும். சாலிம் அலி என்ற பெயரே இகரத்தில் முடிவதால், உருபின் இகரமும் சேர்ந்து இரண்டு இகரம் வருகிறது. எழுத்துப்பிழை என்று நினைத்து ஒன்றை நீக்கிவிடக் கூடாது.

சாலிம் அலி (1896–1987) பறவையியலாளர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் உயிர்நாடியாக இருந்தவர். இந்தப் பெயரைப் பார்த்ததும் அவர்தான் இந்த வௌவாலைக் கண்டுபிடித்தார் என்று எண்ணத் தோன்றும். அவர் கண்டுபிடிக்கவில்லை. சேகரித்தவர் ஹட்டன், வேறுபாட்டைக் கண்டவர் தோங்லோங்யா. சாலிம் அலியைப் பெருமைப்படுத்த, அவர் வாழும் காலத்திலேயே தோங்லோங்யா வைத்த பெயர் இது. அந்தத் தோங்லோங்யா 1974-ல் இறந்துபோனார். அவர் தாய்லாந்தின் மேற்குப் பகுதிச் சுண்ணாம்புக் குகைகளில் கண்டெடுத்த, சுமார் 2 கிராம் எடையே உள்ள குட்டி வௌவாலுக்கு அதே ஆண்டில் அவர் பெயரை வைத்தார்கள். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று அது. மேகமலை வௌவாலுக்கு அடையாளம் தந்தவரின் பெயரும் ஒரு வௌவாலில் நிற்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வௌவால் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய வடிவம் வாவல். மலையாளத்தில் இன்றும் வாவல்தான், கன்னடத்தில் பாவலி. வௌவுதல் என்றால் கவர்தல், பழத்தைக் கவர்வதால் வௌவால் ஆயிற்று என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பக்கத்து மொழிகளில் ஔகாரமே இல்லாத வடிவம் இருக்கும்போது, வாவலை முந்தியதாகக் கொள்வதுதான் நியாயம். வாவுதல் என்றால் தாவுதல். குதிரையின் பாய்ச்சலுக்கும் அந்த வினை வரும். மேலும், எல்லா வௌவாலும் பழம் கவர்வதில்லை. பெரும்பாலானவை பூச்சிதான் தின்கின்றன. தொங்கிய இடத்திலிருந்து தாவிப் பறப்பது எல்லாவற்றுக்கும் பொது. பக்கவாட்டில் பார்த்தால் அதே அகன்ற வடிவம் தெரிவதாலோ என்னவோ, கடற்கரையில் ஒரு மீனுக்கும் வாவல் என்றே பெயர்.

சின்ன வௌவாலுக்குத் துரிஞ்சில் என்று தனிச்சொல் தமிழில் உண்டு. பாழடைந்த மண்டபங்களில், கோபுர உட்புறங்களில், பாறை இடுக்குகளில் அடையும் பூச்சித்தின்னி வௌவால்களுக்கு அந்தச் சொல்லை மீட்டெடுப்பது நல்லது. பெரிது வாவல், சிறிது துரிஞ்சில் என்ற இந்தப் பாகுபாட்டைப் போலவே விலங்கியலாரும் நெடுங்காலம் வௌவால்களைப் பெருவௌவால், சிறுவௌவால் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. லாட மூக்கு வௌவால் போன்ற சில பூச்சித்தின்னிகள் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஆனாலும் அன்றாடப் பேச்சுக்குப் பழைய பாகுபாடு போதுமானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் பக்கத்துச் சமணர் மலைக் குகையில் வைத்து ஆராய்ந்ததும் இத்தகைய சிறு வௌவால்களைத்தான். வெளிச்சமே எட்டாத குகைக்குள் தொங்கும் இலைமூக்கு வௌவாலுக்கு வெளியே அந்தியாகிவிட்டது எப்படித் தெரிகிறது என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. கூட்டத்தின் நடமாட்டத்தையே அவை கடிகாரமாகக் கொள்கின்றன என்று காட்டினார்கள். வௌவால் ஆய்வில் மதுரைக்கு உலக அளவில் பெயர் வந்தது அதனால்தான்.

பழந்தின்னி என்பது ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். ஆலமரத்தில் ஆயிரக்கணக்கில் தொங்கும் பெரிய வௌவால், கோயில் இருட்டில் அடையும் குகைப் பழவௌவால், குட்டைமூக்கு வௌவால், நம் அகல்பல் வௌவால் எல்லாம் இதில் அடக்கம். குறுந்தொகையின் 352-ஆம் பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் 'கொடுமென் சிறைய கூருகிர்ப் பறவை' என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். பகலில் தங்கிய முதுமரம் தனித்துப்போக, அகன்ற இலைப் பலாமரம் நிற்கும் மலைச்சாரலை நோக்கி மாலையில் அவை போகின்றன. பலாவைத் தேடிப் போவதால் பழந்தின்னி என்பது உறுதி. 'கூருகிர்' என்ற அடை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. வௌவாலுக்குப் பெருவிரலில் நகம் இருப்பது பொது. பழந்தின்னிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் விரலிலும் ஒரு நகம் உண்டு. அகல்பல் வௌவாலுக்கும் உண்டு. வௌவாலைப் பறவை என்று சொன்னதில் புலவர் பக்கம் பிழை ஏதும் இல்லை. பறப்பது பறவை, அவ்வளவுதான். வௌவால் வரிசைக்கு விலங்கியல் வைத்த கைராப்டெரா என்ற கிரேக்கப் பெயருக்கும் கைச்சிறகு என்றுதான் பொருள். நீண்ட கைவிரல்களுக்கிடையே விரிந்த தோல்தான் சிறகு.

'மேகமலை வௌவால்' என்று வைத்தால் என்ன என்று நம் பக்கத்துக்காரர்கள் கேட்கலாம். எனக்கும் ஆசைதான். 1993-ல் வௌவால் ஆய்வாளர் பால் பேட்ஸ் உள்ளிட்ட குழுவினர் மறுபடி கண்டறியும்வரை, 45 ஆண்டுகளாக உலகத்தில் இருந்த ஒரே சான்று ஹட்டனின் அந்த ஒரு வௌவால்தான். அதுவரை மேகமலை என்ற பெயர் பொருந்தியிருக்கும். பிறகு களக்காடு முண்டந்துறையிலும் கேரளப் பக்கத்துக் காடுகளிலும் இது இருப்பது தெரிந்துவிட்டது. ஊர்ப்பெயரைச் சூட்டினால் தெற்கே பொதிகைப் பக்கம் வாழ்வதை விட்டுவிட்டதாகும். 'வாலில்லா வௌவால்' என்பதும் சரிவராது. ஆலமரத்துப் பெரிய வௌவாலுக்கும் வால் கிடையாது. பல் ஒன்றுதான் இதற்கே உரியது.

உருவம் நடுத்தரம். முன்கை 66 முதல் 69 மில்லிமீட்டர். தலையில் கருந்தவிட்டு நிற மயிர், அடிப்பக்கம் வெளிர் சாம்பல் கலந்த தவிட்டு நிறம், சிறகுத்தோல் இளந்தவிடு. மலையின் மழைக்காடுகளிலும் அவற்றை ஒட்டிய காபி, ஏலத் தோட்டங்களிலும் நடமாடுகிறது. பகலில் குகையில் அடைகிறது. காட்டு அத்தியும் உருத்திராட்ச இனத்து மரங்களின் பழமும் இதன் உணவில் உண்டு. தின்ற பழத்தின் விதை தாய்மரத்தை விட்டுத் தூரத்தில் போய் விழுகிறது. நிழலும் ஈரமும் உள்ள சோலைக்காட்டில் பெரிய பழமரங்கள் பரவுவதற்கு இந்தச் சேவை வேண்டும். குகைகளில் ஆள் நடமாட்டம் கூடுவதும், காடு தோட்டமாவதும், மருந்துக்காகும் என்று நம்பி வௌவாலைப் பிடிப்பதும் இதற்குள்ள ஆபத்துகள். வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதைக் கிராமந்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் சொற்களிலும் ஒரு முரண் நெடுநாள் இருந்தது. இந்த வௌவாலுக்குப் பெயர் கிடைத்த அதே 1972-ல் வந்தது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். அதன் ஐந்தாம் அட்டவணை, காக்கை, எலியோடு சேர்த்துப் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர் என்று வகைப்படுத்தியது. அந்த அட்டவணையில் இருப்பதைக் கொல்லத் தடையில்லை. அகல்பல் வௌவாலை மட்டும் பிற்பாடு எடுத்து, புலியும் யானையும் இருக்கும் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இரவில் பறக்கும் ஒரு வௌவாலின் பல்லை எண்ணிப் பார்த்து, இது தீங்குயிரா காக்கப்பட்டதா என்று யார் சொல்ல முடியும்? குட்டைமூக்கு வௌவாலும் அகல்பல் வௌவாலும் ஒன்றென்று தேர்ந்த விலங்கியலாரே எண்ணியிருந்தார்கள். எல்லாப் பழந்தின்னிகளையும் காப்பாற்றினால்தான் இந்த ஒன்றைக் காப்பாற்ற முடியும் என்று வௌவால் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 2022-ன் திருத்தத்தில் தீங்குயிர் அட்டவணையே நீங்கியது.

மேகமலை 2009-ல் சரணாலயமானது, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூரோடு இணைந்து புலிகள் காப்பகமானது. காப்பகத்தின் அறிவிப்புப் பலகைகளிலும் பள்ளிப் பாடத்திலும் இந்த வௌவாலைக் குறிக்கும்போது, பேரினத்துக்கு அகல்பல் வௌவால் என்றும், சிற்றினத்தைச் சுட்டும்போது சாலிம் அலி அகல்பல் வௌவால் என்றும் எழுதலாம். பேரினத்தில் இருப்பது ஒன்றே ஒன்று என்பதால், பேச்சில் அகல்பல் வௌவால் என்றாலே போதும்.